காலியாகக் கிடக்கும் இரண்டு கட்டங்கள்: திறனாய்வுச் சிந்தனையின் பொருளும் தேவையும்

திறனாய்வுச் சிந்தனை என்பது, ஒரு கூற்றை ஏற்பதற்கோ தள்ளுவதற்கோ முன்னால் அது எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம். அந்தக் கூற்று செய்தித்தாளில் வந்ததாக இருக்கலாம், விளம்பரமாக இருக்கலாம், மைத்துனர் அனுப்பிய வாட்ஸ்அப் தகவலாக இருக்கலாம், தன் மனத்திலேயே எழுந்த நினைப்பாகவும் இருக்கலாம். எங்கிருந்து வந்தாலும் கேட்க வேண்டியவை இரண்டு: இதற்கு ஆதாரம் என்ன? அந்த ஆதாரம் இந்த முடிவைத் தாங்குமா? இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஆதாரம் என்று ஏதோ ஒன்று எப்போதும் இருக்கத்தான் செய்கிறது. அதன்மேல் ஏற்றிய சுமைதான் அதிகமாகிவிடுகிறது.

சொல்லிலேயே ஒரு குழப்பம் உண்டு. ‘விமர்சனச் சிந்தனை’ என்று எழுதினால் குற்றம் காண்பது என்று படுகிறது. ‘திறனாய்வு’ என்றால் கவிதை, நாவலைப் பற்றியது என்று தோன்றுகிறது. ‘பகுத்தறிவு’ பொருளளவில் மிக நெருக்கமான சொல். ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு ஓர் அரசியல் வரலாறு இருக்கிறது. நீதிக்கட்சி 1944 ஆகஸ்டில் சேலத்தில் நடந்த மாநாட்டில் திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அந்த இயக்கத்தின் வழியே பகுத்தறிவு என்ற சொல் கடவுள் மறுப்போடு ஒட்டிக்கொண்டது. இந்த அத்தியாயத்தில் பேசப்படுவது அதைவிடச் சாதாரணமானது. கோயிலுக்குப் போகிறவரும் போகாதவரும் கிணறு வெட்டுகிறார்கள், சீட்டுக் கட்டுகிறார்கள், பிள்ளைக்கு மருந்து வாங்குகிறார்கள். அந்த இடங்களில் தேவைப்படும் சரிபார்ப்பு இது. கல்வியியலில் இதை விரிவாகப் பேசத் தொடங்கியவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஜான் டூயி. அவருடைய ‘நாம் எப்படிச் சிந்திக்கிறோம்’ என்ற நூல் 1910இல் வந்தது.

தொழிலில் இருக்கும் கூர்மை

இந்தப் பழக்கம் படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர், நாமக்கல்லில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்குள் அரை நாள் இருந்து பார்க்கலாம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை காலையில் பத்திரிகையில் வருகிறது. பண்ணைக்காரர் எவரும் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வியாபாரி எவ்வளவு ‘மைனஸ்’ கேட்பார் என்று கழித்துப் பார்த்த பிறகுதான் அது அவருக்கு விலை. அச்சில் வந்த எண்ணுக்கும் கைக்கு வரும் எண்ணுக்கும் இடைவெளி உண்டு என்பதை அவருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை.

ஒரு ஷெட்டில் முட்டை குறைந்தால் அவர் செய்வது இன்னும் கவனிக்கத்தக்கது. முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் எடுக்கும். அது குறைந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். குறையவில்லை என்றால் தீவனத்தின் தரம். புதிதாக இறக்கிய மக்காச்சோளத்தில் பூஞ்சை இருக்கிறதா? அதுவும் சரியென்றால் தண்ணீர், வெயில், வெளிச்ச நேரம், கோழியின் வயது, நோய். பக்கத்து ஷெட்டிலும் குறைந்திருக்கிறதா என்று கேட்பார். இரண்டு ஷெட்டுக்கும் ஒரே தீவனம் போய், ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் தீவனத்தின் மேல் பழி போட மாட்டார். சந்தேகம் தீராவிட்டால் மாதிரியை எடுத்துக்கொண்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவார். ஒப்பிடுவது, ஒவ்வொன்றாக விலக்குவது, தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கொடுப்பது எல்லாமே இதற்குள் இருக்கின்றன.

மரவள்ளி விவசாயியும் அப்படித்தான். கிழங்கைப் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று ஆலைக்காரர் சொல்வதில் அவருக்குத் திருப்தி இல்லை. எத்தனை ‘பாயிண்ட்’ மாவுச்சத்து என்று அளந்து சொல்ல வேண்டும். அளந்து சொன்ன பிறகும் தராசின் மேல் ஒரு கண் இருக்கும். அதே மனிதர் கடையில் ஜவ்வரிசி வாங்கும்போது மட்டும் எது பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறதோ அதை எடுப்பார் என்பது வேறு கதை. வெண்மை தரத்தின் அடையாளம் என்று வாங்குபவர்கள் நம்பிய பிறகுதான் வெளுக்கும் ரசாயனத்துக்கு வேலை வந்தது.

ஆக, சொந்தத் தொழிலில் பைசா பைசாவாகக் கணக்குப் பார்ப்பவர், வேலியைத் தாண்டியதும் அந்தக் கணக்கைக் கீழே வைத்துவிடுகிறார். திறனாய்வுச் சிந்தனையைக் கற்பது என்பது, சேலம், நாமக்கல் சமவெளியைப் பொறுத்தவரை, ஏற்கெனவே கையில் உள்ள கருவியை வேலிக்கு வெளியேயும் எடுத்துச் செல்வதுதான்.

மலையும் புகையும்

தமிழில் இது இறக்குமதிச் சரக்கும் அல்ல. மணிமேகலையின் 29ஆம் காதை, கதைக்கு நடுவே ஒரு முழு அளவை (தருக்க) நூல். எதிரே தெரியும் மலையில் நெருப்பு இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார், இது பக்கம். ஏன் என்றால், புகை தெரிகிறது, இது ஏது. எங்கே அப்படிப் பார்த்தோம் என்றால், அடுக்களையில், இது திட்டாந்தம். இந்த மூன்றும் சரியாகப் பொருந்தினால் முடிவு நிற்கும். பொருந்தாத விதங்களைக் காதை போலிகள் என்று பெயரிட்டு அடுக்குகிறது: பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி. பௌத்த அளவையியலைக் காஞ்சியில் மணிமேகலைக்கு அறவண அடிகள் சொல்லித் தருவதாக அமைந்த பகுதி இது.

அந்தப் போலிகளில் ஒன்று ஏற்காட்டு அடிவாரத்தில் இருப்பவருக்கு உடனே பிடிபடும். தெரிவது புகையா பனியா என்று சந்தேகம் இருக்கும்போதே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று முடிவு கட்டுவது. மார்கழிக் காலையில் சேலத்திலிருந்து சேர்வராயன் மலையைப் பார்க்கிறவருக்கு வெள்ளையாக ஏதோ தெரிகிறது. நெருப்பிருந்தால் புகை வரும் என்ற விதியில் பிழையே இல்லை. பிழை அதற்கு முந்திய படியில்: தெரிவது புகைதான் என்பதை யாரும் சரிபார்க்கவில்லை. இன்றைய வதந்திகளில் பெரும்பாலானவை இந்த ஒரு போலியில் அடங்கும். காணொளியில் இருப்பது உண்மையில் அந்த ஊர்தானா, அந்த ஆண்டுதானா என்று பார்ப்பதற்கு முன்பே, அதிலிருந்து என்ன முடிவு கட்டுவது என்ற விவாதம் தொடங்கிவிடுகிறது.

தேங்காயும் நான்கு கட்டங்களும்

சேலம், நாமக்கல் வட்டாரம் கடும்பாறை நிலம். சார்னகைட், நைஸ் போன்ற பாறைகள். தண்ணீர் அவற்றின் விரிசல்களில்தான் கிடைக்கும். பத்தடி தள்ளிப் போட்டால் விரிசல் தப்பிவிடலாம். இதனால் ஆழ்துளைக் கிணறு போடுவது இங்கே ஒரு பெரிய பந்தயம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவின் மாநிலங்களுக்கெல்லாம் போய்த் துளை போட்டாலும், சொந்த ஊரில் எங்கே போடுவது என்ற கேள்விக்கு விடையாகப் பெரும்பாலும் வருபவர் நீரோட்டம் பார்ப்பவர். மட்டையுரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நிலத்தில் நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே கல் நட்டு அடையாளம் செய்வார்கள். இத்தனை அடியில் இத்தனை இஞ்சு தண்ணீர் என்றும் சொல்வதுண்டு.

‘அவர் சொன்ன பத்து எடத்துல எட்டு எடத்துல தண்ணிங்க’ என்பது வழக்கமான சான்று. இந்தச் சான்றைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. அது உண்மையாகவே இருக்கட்டும். அதை வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்பதுதான் கேள்வி.

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுப் பார்க்கலாம். தேங்காய் நின்ற இடத்தில் துளை போட்டுத் தண்ணீர் வந்தவை முதல் கட்டம். நின்றும் தண்ணீர் வராதவை இரண்டாவது. தேங்காய் நிற்காத இடத்தில் துளை போட்டுத் தண்ணீர் வந்தவை மூன்றாவது. நிற்காத இடத்தில் போட்டு வராதவை நான்காவது. ஊரில் பேசப்படுவதெல்லாம் முதல் கட்டம். இரண்டாவது கட்டத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பணம் போனவர் அதை டீக்கடையில் சொல்லித் திரிய மாட்டார். அப்படியே பேசினாலும் அதற்குச் சமாதானம் தயாராக இருக்கும்: கல்லைவிட்டு ரெண்டடி தள்ளிப் போட்டுட்டாங்க, ராடு சாஞ்சிருச்சு, இன்னும் அம்பதடி போயிருக்கணும். மூன்றாவதும் நான்காவதும் அநேகமாகக் காலி. தேங்காய் நிற்காத இடத்தில் யாரும் ரிக் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. அந்தக் கட்டங்களில் எண் இல்லாதவரை, பத்துக்கு எட்டு என்பது தேங்காயின் திறமையா நிலத்தின் இயல்பா என்று சொல்லவே முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்து, விழுந்த இடத்தில் துளை போட்டாலும் அந்தப் பகுதியில் பத்துக்கு எட்டில் தண்ணீர் வரக்கூடும். அப்படியானால் தேங்காய் சேர்த்தது ஒன்றுமில்லை.

ஜெர்மனியில் 1987, 1988ஆம் ஆண்டுகளில் மூனிக் அருகே ஒரு களஞ்சியக் கட்டடத்தில் நீரோட்டம் பார்க்கும் திறமையைச் சோதித்தார்கள். கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை ஒரு வண்டியில் வைத்து, குலுக்கல் முறையில் அவ்வப்போது இடம் மாற்றினார்கள். மேல்தளத்தில் நடந்தபடி, குழாய் எங்கே என்று நீரோட்டம் பார்ப்பவர் சொல்ல வேண்டும். சுமார் 500 பேரிலிருந்து தேர்ந்தெடுத்த 43 பேரைக் கொண்டு 843 சோதனைகள் நடந்தன. சிலருக்கு அந்தத் திறமை இருக்கிறது என்று நடத்தியவர்கள் முடிவுகட்டினார்கள். அதே எண்களைப் பின்னர் எடுத்து ஆராய்ந்த ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க அறிவியலாளர், குருட்டாம்போக்கில் சொன்னால் எப்படி வருமோ அப்படித்தான் விடைகள் வந்திருக்கின்றன என்று காட்டினார். ஒரு சோதனையில் பிரமாதமாகச் சொன்னவர் அடுத்ததில் கோட்டை விட்டிருந்தார்.

அப்படியென்றால் தேங்காய் நிற்பது ஏமாற்றா? பெரும்பாலும் இல்லை. கிடையாக வைத்த தேங்காய் உள்ளங்கையின் மிகச் சிறிய சாய்வுக்கும் அசையும். கைத்தசை தன்னை அறியாமல் அசைவதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் 1833லேயே ஊசலை வைத்து விளக்கியிருக்கிறார். கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆடிய ஊசல், கண்ணைக் கட்டியதும் ஆட்டம் நின்றுவிட்டது. தேங்காய் பிடிப்பவர் தன்னையே நம்புகிறார், நேர்மையாகவே நம்புகிறார். அதோடு, அவர் முப்பது ஆண்டுகள் காடு காடாக நடந்தவர். சரிவு எந்தப் பக்கம், புற்று எங்கே, எந்த மரம் கோடையிலும் பச்சையாக நிற்கிறது, பக்கத்துத் தோட்டத்துக் கிணறு எத்தனை அடி என்பதெல்லாம் அவர் கண்ணில் படுகிறது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் மரத்தையும் புற்றையும் வைத்து நீர் காண்பதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. குருட்டுக் கல்லெறிவைவிட அவர் சொல் கொஞ்சம் மேலாக இருந்தால், பெருமை அவர் கண்ணுக்கு, தேங்காய்க்கு அல்ல.

மாற்று வழி இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை கட்டணம் வாங்கிக்கொண்டு, நிலத்தின் மின்தடையை அளந்து நீர் வாய்ப்புள்ள இடத்தைச் சொல்கிறது. அதுவும் தவறும், கடும்பாறை நிலத்தில் எந்த முறையும் உறுதி தராது. வித்தியாசம் என்னவென்றால், கருவியின் அளவுகள் தாளில் நிற்கின்றன. துளை போட்ட பிறகு எடுத்துவைத்து ஒப்பிடலாம், எங்கே தவறியது என்று தேடலாம்.

இதே கிணற்றடியில் இன்னொரு பிழையும் ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. எண்ணூறு அடி போயாயிற்று. புகைதான் பறக்கிறது, ஈரம் காணோம். ‘ஏனுங்க, இன்னும் அஞ்சு ராடு இறக்கிப் பாக்கலாமுங்களா?’ என்று ரிக் ஆள் கேட்கிறார். ஆழம் கூடக் கூட அடிக்கான கூலியும் ஏறும். நிலத்துக்காரர் மனத்தில் ஓடுவது, இவ்வளவு போட்டாச்சே என்பது. போட்ட பணம் நிறுத்தினாலும் வராது, தொடர்ந்தாலும் வராது. அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது அடுத்த நூறடிக்கு ஆகும் செலவையும், அந்த நூறடியில் தண்ணீர் வரும் வாய்ப்பையும் மட்டுமே. சுற்றுவட்டாரத்தில் எண்ணூறுக்குக் கீழே தண்ணீர் கண்ட கிணறுகள் எத்தனை என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். ஆனால் கம்ப்ரசர் இரைச்சலில், நள்ளிரவில், குடும்பமே சுற்றி நிற்கும்போது அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது. அதனால்தான் எத்தனை அடியோடு நிறுத்துவது என்பதை வண்டி வருவதற்கு முதல் நாளே எழுதிவைக்க வேண்டும்.

கோழியைப் பற்றிய மூன்று கூற்றுகள்

முதல் கூற்று 2020 பிப்ரவரியில் கிளம்பியது: கோழி தின்றால் கொரோனா வரும். முட்டை தேங்கியது, விலை விழுந்தது, நாமக்கல் பண்ணைகள் பட்டபாடு கொஞ்சமல்ல. கோழிக்கும் அந்த வைரஸ் பரவலுக்கும் தொடர்பு இருப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை; அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது. ஆனால் வதந்திக்கு ஏன் அவ்வளவு எளிதாகக் கால் முளைத்தது என்று கேட்டால், 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது பார்த்த படங்கள் மக்கள் நினைவில் இருந்தன. பழைய பயம் புதிய செய்திக்குச் சாட்சி சொன்னது. ஒன்றைக் கேட்டதும் ‘ஆமா, அப்படித்தான் இருக்கும்’ என்று மனம் முந்திக்கொண்டால், அந்த முந்துதலே கொஞ்சம் நிதானிக்க வேண்டிய அறிகுறி.

இரண்டாவது கூற்று: பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், இல்லாவிட்டால் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எப்படி வரும்? கேள்வி நியாயமானது, விடைதான் அவசரமானது. ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போட ஆள்கூலி என்ன ஆகும் என்று ஒரு பண்ணைக்காரரைக் கேட்டாலே சிரிப்பார். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் குடலில் செரித்துப் போகும். வேகத்துக்குக் காரணம் இனத்தேர்வு. கனடாவின் அல்பெர்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு இனம், 1978ஆம் ஆண்டு இனம், 2005ஆம் ஆண்டு இனம் மூன்றையும் ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்தார்கள். 56ஆம் நாளில் எடை 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒன்று, பராமரிப்பு ஒன்று. மாறியது இனம் மட்டும். ஆதாரம் ஒரு முடிவைத் தாங்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. (நாமக்கல் முட்டைக்கோழிக்குப் பேர்போனது, கறிக்கோழிக்குப் பல்லடம் பக்கம்தான் பெயர். இரண்டும் வேறு இனம், வேறு வளர்ப்பு. நாமக்கல் முட்டையின் மேல் பிராய்லர் பழியைப் போடுபவருக்கு இந்த வேறுபாடே தெரிந்திருக்காது.)

மூன்றாவது கூற்று: கோழிகளுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்துகள் தாராளமாகக் கொடுக்கப்படுகின்றன, அதனால் மனிதருக்கும் மருந்து வேலை செய்யாமல் போகலாம். இதுவும் கேட்பதற்கு முந்திய இரண்டைப் போலவே இருக்கிறது. ஆனால் இது உண்மையான கவலை. உயிர் காக்கும் கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது இதனால்தான்.

மூன்று கூற்றுக்கும் தொனி ஒன்றுதான்: கோழியில் ஆபத்து. மூன்றையும் சேர்த்து நம்புபவர் இரண்டில் ஏமாறுகிறார். எல்லாம் வதந்தி என்று மூன்றையும் சேர்த்துத் தள்ளுபவர் தன்னைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார். அவரும் ஒன்றில் ஏமாறுகிறார். சந்தேகப்படுவதற்குப் பெரிய உழைப்பு தேவையில்லை. எதை, எவ்வளவு சந்தேகிப்பது என்று பிரிப்பதற்குத்தான் தேவை.

ஈமு கணக்கு

பெருந்துறையைச் சுற்றித் தொடங்கி ஈரோடு, சேலம், நாமக்கல் என்று பரவிய ஈமு பண்ணைத் திட்டங்கள் 2012இல் சரிந்தன. அப்போது பரவலாகப் பேசப்பட்ட ஒரு திட்டத்தின் கணக்கு இப்படி இருந்தது: ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு ஈமு குஞ்சுகள், வளர்ப்புக் கூலியாக மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 20,000 ரூபாய் போனஸ், முடிவில் முதலும் திரும்பும். பன்னிரண்டு மாதக் கூலி 72,000, போனஸ் 20,000, மொத்தம் 92,000. ஒன்றரை லட்சத்துக்கு ஆண்டு வரவு அறுபது சதவீதத்துக்கும் மேல். அந்த ஆண்டில் வங்கி வைப்புநிதிக்கு ஏறக்குறைய ஒன்பது சதவீதம்.

பெருக்கல், கூட்டல் தெரிந்த எவருக்கும் இது இரண்டு நிமிட வேலை. கேட்க வேண்டிய கேள்வியும் கோழிப் பண்ணையில் தினமும் கேட்பதுதான்: இந்தப் பணம் எந்த விற்பனையிலிருந்து வருகிறது? ஈமு கறியை எந்த ஊர்ச் சந்தையில், யார், வாரம் எத்தனை கிலோ வாங்குகிறார்? விடை சொல்ல ஆள் இல்லை. வந்த பணம் அடுத்துச் சேர்ந்தவரின் முதலிலிருந்து வந்தது. அடுத்தவர் வருவது குறைந்ததும் நின்றது. முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டில் 1997லேயே தனிச் சட்டம் இருந்தது. வழக்குகள் அதன்கீழ் நடந்தன. கைவிடப்பட்ட பறவைகளுக்குத் தீவனம் போடும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது.

சேர்ந்தவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, தவறும்கூட. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு ஆறு மாதமாகப் பணம் சொன்ன தேதியில் வந்துகொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தார்கள். விளம்பரத்தில் தெரிந்த முகங்கள் இருந்தன. வேலிக்குள் பறவை நிஜமாகவே நின்றது. பார்த்ததெல்லாம் உண்மை. ஆனால் ஆறு மாதம் பணம் வந்தது என்பது, பணம் வந்தது என்பதற்கு மட்டுமே சான்று. திட்டம் நிலைக்கும் என்பதற்குச் சான்றல்ல. தேங்காயின் முதல் கட்டமேதான் இங்கேயும். சரிந்த திட்டங்களைப் பற்றிய கட்டம், சரிகிறவரைக்கும் காலியாகவே இருக்கும்.

தவறினால் என்ன ஆகும்

ஆழ்துளைக் கிணற்றிலும் ஈமுவிலும் போவது பணம். அதைவிடப் பெரியதும் போகும். 2018இல் தமிழ்நாடு முழுக்கக் குழந்தை கடத்துபவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் தகவல்கள் சுற்றின. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்கு வழி தேடி வந்த குடும்பம் ஒன்று, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததால் சந்தேகத்துக்கு ஆளானது. கூட்டம் அடித்ததில் அறுபத்தைந்து வயது மூதாட்டி இறந்தார். வெளியூர்க்காரர், குழந்தை, சாக்லேட்: மூன்றும் பனி. கூட்டம் அதைப் புகை என்று கண்டது. இந்தியா முழுவதும் இதுபோன்ற கொலைகள் நடந்த பிறகே, அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் ஆய்ந்தறியும் ஆர்வத்தையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது. 1976இல் 42ஆம் திருத்தத்தில் சேர்ந்தது இது. கடமையைச் செய்யாவிட்டால் தண்டனை எதுவும் கிடையாது. தண்டனை வேறு வழியில் வருகிறது, பெரும்பாலும் வேறு யாருக்கோ.

பழக்கமாக்குவது

எல்லாவற்றையும் ஒருவரே சரிபார்க்க முடியாது. தடுப்பூசியின் வேதியியலையோ பாலத்தின் கம்பிக் கணக்கையோ ஒவ்வொருவரும் போட்டுப் பார்க்க நேரமும் இல்லை, படிப்பும் இல்லை. பிறரை நம்பித்தான் ஆக வேண்டும். யாரை நம்புவது என்பதை மட்டும் ஆராயலாம். சொல்பவருக்கு அந்தத் துறையில் பயிற்சி உண்டா? அவர் சொல் தவறினால் அவருக்கு நஷ்டம் உண்டா, கேட்பவருக்கு மட்டும்தானா? முன்பு தவறியபோது ஒப்புக்கொண்டிருக்கிறாரா? எது நடந்தால் ‘நான் சொன்னது தப்பு’ என்பார் என்று அவரால் சொல்ல முடியுமா? கடைசிக் கேள்வி மிகக் கூர்மையானது. எது நடந்தாலும் தன் கூற்றுக்குப் பொருந்தும் என்பவரின் கூற்றில் சோதிக்க ஒன்றுமில்லை.

இதே கேள்விகளைத் தன்னிடமும் கேட்க வேண்டும்; கடினமான பகுதி அதுதான். பிடித்த கட்சியைப் பற்றிய கெட்ட செய்திக்கு ஆதாரம் கேட்பவர், பிடிக்காத கட்சியைப் பற்றிய கெட்ட செய்தியை ஆதாரம் கேட்காமலே அடுத்த குழுவுக்கு அனுப்புகிறார். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: செய்தியில் உள்ள பெயரை மட்டும் மாற்றி வைத்து மறுபடி படிப்பது. அப்போது ஆதாரம் போதாது என்று தோன்றினால், முதலிலும் போதவில்லை.

வயதில் மூத்தவர் சொன்னதை எதிர்த்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற தயக்கம் இந்தப் பகுதியில் ஆழமானது. எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. ‘மாமா, அது எப்படீங்க தெரிஞ்சுது?’ என்று கேட்பதில் மரியாதைக்கு ஒரு குறையும் வராது. பல நேரம் பெரியவரே யோசித்து, ‘அவன்தான் சொன்னான்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

எழுதிவைப்பது இன்னொரு கருவி. நினைவு தனக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்ளும். நோட்டுப் புத்தகம் திருத்தாது. துளை போடுவதாக இருந்தால், ரிக் வருவதற்கு முதல் நாள் ஒரு பக்கத்தில் நான்கு செய்திகள் போதும்: யார் இடம் காட்டியது, எத்தனை அடியில் எத்தனை இஞ்சு என்று சொன்னார், எத்தனை அடியோடு நிறுத்துவது, சுற்றிலும் உள்ள கிணறுகளின் ஆழம் என்ன. துளை முடிந்த இரவே கீழே ஐந்தாவது வரியாக நடந்தது என்ன என்பதையும் எழுதிவிட வேண்டும், புகையாகவே இருந்தாலும். ஊரில் இருபது பேர் இப்படி எழுதிவைத்து ஒரு கோடைக்குப் பிறகு சேர்த்துப் பார்த்தால், இரண்டாவது கட்டம் முதன்முறையாக நிரம்பியிருக்கும். கல் நட்ட இடம் வீட்டுக்கு அருகில் வந்தது, வண்டி திரும்ப வழியில்லை என்று யாராவது வேறு இடத்தில் போட்டிருந்தால், மூன்றாவதிலும் நான்காவதிலும்கூட ஒன்றிரண்டு எண் விழும்.